முதல் விசிலுக்கு முன்னால்

கல்லூரிகள் திறந்ததும் கால்பந்து சீசனும் தொடங்கிவிடும். இந்த வருடம் சில கல்லூரிகள் முதல் ஆட்டத்தை ஸ்பான்சர் பிடித்து, இரண்டு அணிக்கும் சொந்தமில்லாத பொது மைதானத்தில் விழாவாக நடத்தப் போகின்றன. அது பற்றி வந்த கேள்விகளே இந்த முறை அதிகம்.

அட்லாண்டாவில் வேலை பார்க்கும் என் தம்பி, அங்கே கல்லூரி ஃபுட்பால் சீசனின் முதல் ஆட்டத்துக்கு ஓர் இன்சூரன்ஸ் கம்பெனியின் பெயரை வைத்திருக்கிறார்கள் என்கிறான். மோதிய இரண்டு கல்லூரிகளும் அந்த ஊரே இல்லையாம். பிறகு ஏன் அங்கே வந்து ஆடுகிறார்கள்? – வாசகி, ஆம்பூர்

தம்பி சொல்வது அஃப்லாக் கிக்காஃப் ஆட்டம். அது நம் கால்பந்து இல்லை, பந்தைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடும் அமெரிக்க ஃபுட்பால். 2008இல் தொடங்கியபோது அதன் பெயர் வேறு. சிக்-ஃபில்-ஏ என்ற சிக்கன் சாண்ட்விச் கம்பெனி 2022 வரை ஸ்பான்சராக இருந்தது. 2023 முதல் இன்சூரன்ஸ் கம்பெனியான அஃப்லாக். 2008இல் ஜார்ஜியா டோம் அரங்கில் நடந்த முதல் ஆட்டத்தில் அலபாமா 34–10 என்று கிளெம்சனை வென்றது. 2017 முதல் மெர்சிடிஸ்-பென்ஸ் ஸ்டேடியத்தில் நடக்கிறது. வென்ற அணிக்குத் தரும் கோப்பையின் பெயர் ‘பழைய தோல் ஹெல்மெட்’. தோல் தொழிலிலேயே பிறந்து வளர்ந்த ஆம்பூர்க்காரர்கள் இதற்காகவாவது அந்த ஆட்டத்தை ஒருமுறை பார்க்கலாம்.

இந்த ஏற்பாடு இன்னும் பழையது. நியூ ஜெர்சியின் ஜயன்ட்ஸ் ஸ்டேடியத்தில் 1983 முதல் 2002 வரை ‘கிக்காஃப் கிளாசிக்’ நடந்தது. அதன் முதல் ஆட்டத்தில் நெப்ராஸ்கா 44–6 என்று பென் ஸ்டேட்டைத் துவைத்து எடுத்தது.

ஏன் வெளியூர் என்றால், காரணம் கணக்குதான். ஒரு கல்லூரியின் சொந்த மைதானத்தில் ஆடினால் டிக்கெட் வசூல் அந்தக் கல்லூரிக்கு. அடுத்த வருடம் பதில் ஆட்டத்துக்கு எதிரணியின் ஊருக்குப் போயாக வேண்டும். பொது அரங்கில் ஆடினால் இரண்டு கல்லூரிக்கும் ஆளுக்கொரு பங்கு டிக்கெட், பேசிய தொகை, டிவி வெளிச்சம். பதில் ஆட்டம் என்ற கடன் கிடையாது. அட்லாண்டா சுற்றுவட்டாரத்துப் பள்ளிகளில் நல்ல ஆட்டக்காரர்கள் நிறைய. அவர்கள் கண்ணில் படுவதும் கல்லூரிகளுக்கு லாபம்.

‘பொது’ என்பதையும் அப்படியே நம்பிவிடக் கூடாது. 2024இல் ஜார்ஜியா 34–3 என்று கிளெம்சனை வென்றது. ஜார்ஜியா பல்கலைக்கழகம் இருக்கும் ஏத்தென்ஸ் அட்லாண்டாவிலிருந்து சுமார் 110 கி.மீ., கிளெம்சனோ சுமார் 200 கி.மீ. 2023இல் லூயிவிலுடன் மோதிய ஜார்ஜியா டெக், அட்லாண்டா நகரத்துக் கல்லூரியேதான். (ஆனாலும் 39–34 என்று தோற்றது.)

மேல்விஷாரம் கல்லூரிக்கும் எங்களுக்கும் முதல் ஆட்டம் வேலூரில் வைக்கலாம் என்று பேச்சு. வேலூர் பொது ஊர்தானே? – உடற்கல்வி இயக்குநர், திருப்பத்தூர்

ஊர் பொதுதான், தூரம் பொது இல்லை. மேல்விஷாரத்து அணி அரை மணியில் வந்து இறங்கிவிடும். நீங்கள் இரண்டு மணி நேரம் பஸ்ஸில் உட்கார்ந்து, கால் மரத்துப்போய் வருவீர்கள். வேலூரையே ஒப்புக்கொள்வதானால் இரண்டு விஷயம் கேளுங்கள். ஒன்று, உங்கள் பஸ் செலவு மொத்த வரவிலிருந்து முதலில் கழிக்கப்பட வேண்டும். இரண்டு, மதியம் ஒரு மணிக்கே வந்து படுக்க மின்விசிறி உள்ள ஓர் அறை வேண்டும். நெடுஞ்சாலையில் நடுவழியில் ஆம்பூர் பக்கம் நல்ல மைதானம் கிடைத்தால் அதுவே மேல்.

தூரத்தை விட்டால், பொது மைதானத்தில் பொதுவாக இல்லாத இன்னொன்று வெயில். ஆடுகளம் வடக்கு தெற்காக இருக்க வேண்டும். கிழக்கு மேற்காக இருந்தால் மாலையில் ஒரு கோல்கீப்பர் சூரியனைப் பார்த்தபடி நிற்பார். அப்படி வடக்கு தெற்காக அமைந்த மைதானத்தில் மாலை நான்கு மணிக்கு மேற்குப் பக்க கேலரிக்கு வெயில் முதுகுப் பக்கம், கிழக்குப் பக்கத்துக்கு மூஞ்சியிலே. ‘மேற்கு உங்களுக்கு, கிழக்கு எங்களுக்கு’ என்று பிரித்தால் கிழக்கில் உட்கார்ந்த கல்லூரி இடைவேளைக்கு முன்பே மரத்தடிக்குப் போய்விடும். நடுக்கோட்டை நீட்டி, ஒவ்வொரு கேலரியையும் பாதிப் பாதியாகப் பிரியுங்கள். நுழைவாயில் தனித்தனி, மேளம் கொண்டு வருவது என்றால் இருவருக்கும் ஒரே எண்ணிக்கை.

அணிகளின் பெஞ்ச் இரண்டும் மேற்குப் பக்கக் கோட்டிலேயே, நடுக்கோட்டிலிருந்து சம தூரத்தில். ரெஃப்ரிகள் இரண்டு கல்லூரியின் பழைய மாணவர்களாகவோ பகுதிநேரப் பயிற்சியாளர்களாகவோ இருக்கக் கூடாது. இதை வாயால் சொல்லாமல் எழுதி வாங்குங்கள். ஜெர்சி நிறம் மோதினால் யார் மாற்றுவது என்பதை ஒரு வாரம் முன்பே சீட்டுக் குலுக்கி முடிவு செய்யுங்கள். கோல்கீப்பர் சட்டை இரண்டு அணி ஆட்டக்காரர்களின் நிறத்திலிருந்தும் ரெஃப்ரியின் நிறத்திலிருந்தும் வேறாக இருக்க வேண்டும் என்பதைக் கடைசி நேரத்தில்தான் எல்லோரும் நினைப்பார்கள்.

கோடு போடுவதில் வருடா வருடம் தகராறு. ‘பெனால்டி பாக்ஸ் ஒரு பக்கம் பெரிசு’ என்கிறார்கள். முறையாக அளந்து போடுவது எப்படி? – கல்லூரி மாணவர் விளையாட்டுச் செயலாளர், குடியாத்தம்

அவர்கள் சொல்வது பெரும்பாலும் உண்மையாகத்தான் இருக்கும். தப்பு பாக்ஸில் இல்லை, மூலையில். முதல் மூலை செங்கோணமாக இல்லாவிட்டால் மீதி எல்லாம் சாய்ந்துகொண்டே போகும்.

களம் 105 மீட்டர் நீளம், 68 மீட்டர் அகலம் என்று வைத்துக்கொள்வோம். மேற்குப் பக்கவாட்டுக் கோட்டை முதலில் பிடியுங்கள். இரண்டு முனையிலும் முளையடித்து, கயிற்றை விறைப்பாகக் கட்டுங்கள். முனையிலிருந்து அந்தக் கயிற்றில் 30 மீட்டரில் ஓர் அடையாளம். கோல் கோட்டுத் திசையில் 40 மீட்டர். இந்த இரண்டு புள்ளிக்கும் நடுவே டேப் பிடித்தால் சரியாக 50 மீட்டர் வர வேண்டும். கொத்தனார் வீட்டு மூலைக்குப் பிடிக்கும் அதே 3–4–5 கணக்கு. ஆனால் கொத்தனார் மாதிரி 3 மீட்டர், 4 மீட்டரில் பிடித்து நிறுத்தாதீர்கள். 4 மீட்டரில் 2 செ.மீ. விலகினால், 68 மீட்டர் போய்ச் சேரும்போது 34 செ.மீ. விலகியிருக்கும். 40 மீட்டரில் அதே 2 செ.மீ. விலகல் கடைசியில் மூன்றரை செ.மீ. தான். நான்கு மூலையும் வைத்த பிறகு குறுக்கே அளந்து பாருங்கள்: இரண்டு மூலைவிட்டமும் 125.1 மீட்டர் வர வேண்டும். இரண்டும் ஒன்றுக்கொன்று சமமாக இல்லாவிட்டால் கோடு போடும் மாவைத் தொடவே தொடாதீர்கள்.

பாக்ஸ் எல்லாவற்றையும் கோல் கோட்டின் நடுப்புள்ளியிலிருந்து அளப்பதுதான் பிசகாத வழி. நடுப்புள்ளி மூலையிலிருந்து 34 மீட்டர். அங்கிருந்து இரண்டு பக்கமும் 3.66 மீட்டரில் போஸ்ட்டின் உள்விளிம்பு, 9.16இல் சின்ன பாக்ஸ், 20.16இல் பெரிய பாக்ஸ். உள்நோக்கிச் சின்ன பாக்ஸ் 5.5, பெரியது 16.5 மீட்டர். பெனால்டி புள்ளி 11 மீட்டர். பெரிய பாக்ஸின் நெற்றியில் உள்ள வளைவுக்குப் பெனால்டி புள்ளியில் முளையடித்து 9.15 மீட்டர் கயிறு சுற்றுங்கள். அந்த வளைவு, பாக்ஸ் கோட்டை நடுவிலிருந்து இரண்டு பக்கமும் 7.31 மீட்டரில் வெட்ட வேண்டும். வெட்டவில்லை என்றால் கயிறு நீண்டுவிட்டது என்று அர்த்தம். நைலான் கயிறு இழுபடும். சணல் அல்லது கட்டுக்கம்பி நல்லது. நடுவட்டத்துக்கும் அதே 9.15. மூலை வளைவு 1 மீட்டர்.

கோட்டின் தடிமன் 12 செ.மீ.க்கு மேல் போகக் கூடாது. கோடு அது அடைக்கும் பகுதிக்குச் சொந்தம். அதனால் அளவெல்லாம் கோட்டின் வெளிவிளிம்பு வரை. ஒருவர் வெளிவிளிம்பிலும் இன்னொருவர் உள்விளிம்பிலும் அளந்தால் ‘ஒரு பக்கம் பெரிசு’ என்ற புகார் அங்கேயே பிறந்துவிடும். ஒரே ஆள், ஒரே டேப்.

எவ்வளவு மாவு வாங்குவது? 105க்கு 68 களத்தில் மொத்தக் கோடு சுமார் 717 மீட்டர். கோடு போடும் வண்டியில் 5 கிலோ கொட்டித் தள்ளிப் பாருங்கள். அது 40 மீட்டர் ஓடியது என்றால் ஒரு தடவைக்கு 90 கிலோ. அதோடு இடைவேளையில் பெனால்டி பாக்ஸைத் திரும்பப் போட ஒரு மூட்டை கூடுதலாக. வெற்றிலைக்குப் போடுகிற, சுவருக்கு அடிக்கிற சுண்ணாம்பு வேண்டாம். வியர்வையோடு கண்ணில் பட்டால் புண்ணாக்கும், விழுந்து எழுந்த முழங்காலையும் அரிக்கும். வெள்ளைக் கல் மாவு, அதாவது கோலமாவுக் கடையில் கிடைக்கும் அதே பொடி போதும்.

மைதானம் கட்டாந்தரை. முந்தின நாள் ஒரு லாரித் தண்ணீர் அடித்தால் போதுமா? – வாசகர், ஆரணி

போதாது. களத்தின் பரப்பு 7,140 சதுர மீட்டர். ஒரு மில்லிமீட்டர் நனைய 7,140 லிட்டர் வேண்டும். 6,000 லிட்டர் லாரி ஒன்று மொத்தத்தையும் சுற்றி வந்தால் தூசி அடங்கும், தரை இளகாது. 5 மி.மீ. நனைய ஆறு லாரி. அவ்வளவு செலவு செய்ய முடியாத இடத்தில் இரண்டு பெனால்டி பாக்ஸையும் நடுவட்டத்தையும் நன்றாக நனைத்து, மீதியைத் தூசி அடங்க மட்டும் தெளியுங்கள். முந்தின நாள் மாலை அடிப்பது நல்லது. ஆட்டத்தன்று மதியம் அடித்தால் வேலூர் மாவட்டத்து வெயிலில் மேல்தோல் காய்ந்து உள்ளே சேறாக நிற்கும். கோல் வாயில் அந்தச் சேற்றில்தான் கோல்கீப்பர் வழுக்குவார். ஆட்டக்காரர்களிடம் திருகு ஸ்டட் (அடியில் திருகி மாட்டும் குமிழ்) பூட்ஸ் வேண்டாம் என்று சொல்லுங்கள். கட்டாந்தரைக்கு வார்ப்பு ஸ்டட் குட்டையானதுதான் சரி. நீளமானது கணுக்காலைத் திருப்பிவிடும்.

தொடக்க விழாவுக்குச் சிறப்பு விருந்தினர் வருகிறார். ஆட்டத்தை 4.30க்கு வைக்கலாமா? விளக்கு வசதி இல்லை. – உதவிப் பேராசிரியர், வேலூர்

ஆகஸ்ட் நடுவில் வேலூரில் சூரியன் மறைவது சுமார் 6.30 மணி. அங்கிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். ஒரு பாதி 45 நிமிடம். வெப்பம் காரணமாக ஒரு குளிர்ச்சி இடைவேளை, அது விதிப்படி 90 விநாடியிலிருந்து 3 நிமிடம் வரை. காயம், மாற்று ஆட்டக்காரர் என்று இன்னும் இரண்டு. ஆக 50. இடைவேளை 15. மறு பாதி 50. மொத்தம் ஒரு மணி 55 நிமிடம். 4.30க்குத் தொடங்கினால் 6.25. சமனில் முடிந்து பெனால்டி ஷூட்டவுட் என்றால் கோல்கீப்பர் இருட்டில் பந்தைத் தேடுவார்.

எனவே 4 மணி. அதுவும் 4 மணி என்றால் 4 மணி. விருந்தினரை 3.30க்கு அழைத்து, ஆட்டக்காரர்களோடு கைகுலுக்க வைத்து, பந்தை ஓர் உதை உதைக்கச் செய்து உட்கார வையுங்கள். குத்துவிளக்கு காற்றில் அணைந்து அணைந்து பத்து நிமிடம் தின்னும். கண்ணாடிக் கூண்டு ஒன்று தயாராக இருக்கட்டும். பொன்னாடை, நினைவுப் பரிசு, பேச்சு எல்லாம் ஆட்டம் முடிந்த பிறகு. வெயிலில் இருபத்திரண்டு பேரை வரிசையில் நிறுத்தி அரை மணி பேசுகிறவர் எந்தப் பதவியில் இருந்தாலும் விளையாட்டுக்கு நண்பர் இல்லை.

தண்ணீர்க் கணக்கு: அணிக்கு 18 பேர், நடுவர்கள் நான்கு பேர், ஆக 40. ஆளுக்கு 3 லிட்டர் என்றால் 20 லிட்டர் கேன் ஆறு. ஓ.ஆர்.எஸ். பொட்டலம் வைத்திருந்தால் ஒரு லிட்டருக்கு ஒன்று; ‘சீக்கிரம் தெம்பு வரும்’ என்று அரை லிட்டரில் கலக்கக் கூடாது. நீர்மோர் ஆட்டத்துக்குப் பிறகு.

ஸ்பான்சரிடம் என்னென்ன எழுதி வாங்க வேண்டும்? பேனர் எங்கே வைக்கலாம்? – பழைய மாணவர் சங்கச் செயலாளர், வாணியம்பாடி

முதலில் யாரிடம் வாங்கக் கூடாது என்பது. பீடி, சிகரெட், புகையிலைக் கம்பெனிகள் விளம்பரம் செய்வதும் ஸ்பான்சர் செய்வதும் 2003ஆம் ஆண்டுச் சட்டப்படி தடை. பணம் வைத்து ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளின் விளம்பரமும் 2025ஆம் ஆண்டுச் சட்டப்படி கூடாது. அந்தச் சட்டம் வந்ததும் இந்தியக் கிரிக்கெட் அணியின் ஜெர்சியிலேயே ஸ்பான்சர் பெயர் போனது. நமக்கு ஷூ கம்பெனி, பிரியாணிக் கடை, நகைக்கடை எல்லாம் இருக்கின்றன.

எழுத வேண்டியவை: எத்தனை பேனர், என்ன அளவு, எந்தப் பக்கம், ஜெர்சியில் பெயர் உண்டா, ஒலிபெருக்கியில் எத்தனை தடவை சொல்வது, தொகையில் எவ்வளவு கையெழுத்தின்போது, எவ்வளவு ஆட்டத்துக்கு முன், மழையால் தள்ளிப்போனால் பணம் நிற்குமா திரும்புமா. இந்தக் கடைசி வரி இல்லாத ஒப்பந்தம்தான் நம் பக்கம் அதிகம். பணம் கல்லூரியின் வங்கிக் கணக்குக்குத்தான் வர வேண்டும், எந்தத் தனி ஆளின் ஜிபேக்கும் அல்ல. ஆட்டத்துக்கு உங்களுக்கே சொந்தமான ஒரு பெயர் வையுங்கள். ஸ்பான்சர் பெயர் அதற்கு முன்னால் அந்த வருடத்துக்கு மட்டும். அட்லாண்டாவில் சிக்கன் போய் இன்சூரன்ஸ் வந்தும் ‘கிக்காஃப்’ அப்படியே இருப்பதைக் கவனியுங்கள்.

நிமிர்ந்து நிற்கும் பேனர் பக்கவாட்டுக் கோட்டிலிருந்து குறைந்தது 1 மீட்டர் தள்ளி இருக்க வேண்டும். கோல் கோட்டுப் பக்கம், வலை எவ்வளவு ஆழமோ அவ்வளவு தூரம்; வலையிலிருந்து 1 மீட்டர். இது கால்பந்து விதியிலேயே இருக்கிறது. ஆனால் இது குறைந்தபட்சம்தான். இரும்புச் சட்டத்தில் கட்டிய ஃபிளெக்ஸ் என்றால் 3 மீட்டர் விடுங்கள். கோட்டோரம் ஓடி வந்து விழுகிற விங்கரின் தாடைக்கு அந்தச் சட்டத்தின் முனை தெரியாது. ஆடுகளத்துத் தரை, கோல் வலை, மூலைக் கொடி, எல்லைக் கோட்டுக்கு வெளியே 1 மீட்டர் வரை உள்ள தரை ஆகியவற்றில் விளம்பரமே கூடாது. கோலுக்குப் பின்னால் வெள்ளை ஃபிளெக்ஸ் வேண்டாம், பந்து அதில் கரைந்துவிடும். சிறந்த ஆட்டக்காரரை ஸ்பான்சர் தேர்ந்தெடுக்கக் கூடாது, பரிசை மட்டும் கொடுக்கட்டும். அவர் ஒரு கல்லூரியின் பழைய மாணவராக இருந்துவிட்டால் மைதானம் மட்டும் பொதுவாக இருந்து என்ன பயன்?

பந்துக்குக் காற்று எவ்வளவு? – மாணவி, காட்பாடி

விதி 8.5 முதல் 15.6 பி.எஸ்.ஐ. (காற்றழுத்த அளவு) வரை விடுகிறது. கட்டாந்தரையில் 9 அல்லது 10 போதும். காலையில் அறைக்குள் 10 வைத்த பந்து, வெயிலில் கிடந்து சூடேறினால் 11ஐத் தாண்டும்; அதனால் நிழலில் வைத்து, ஆட்டத்துக்குப் பத்து நிமிடம் முன்பு மானி வைத்துப் பாருங்கள். ஊசியை ஈரமாக்காமல் குத்தினால் வால்வு கிழியும். ஐந்தாம் எண் அளவுப் பந்து குறைந்தது நான்கு இருக்கட்டும்.

அமெரிக்க ஃபுட்பாலை நம் மைதானத்தில் ஆடிப் பார்க்க முடியுமா? – மாணவர்கள், ராணிப்பேட்டை

முழு ஆட்டத்துக்கு 109.7 மீட்டர் நீளம் வேண்டும், கவசமும் தலைக்கவசமும் வேண்டும், மோதிக் கீழே தள்ளுவதைக் கற்றுத் தர ஆள் வேண்டும். கட்டாந்தரையில் அது வேண்டாத வேலை. 2028 லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் வரும் ஃபிளாக் ஃபுட்பாலை ஆடுங்கள். பக்கத்துக்கு ஐந்து பேர். இடுப்புப் பட்டையில் தொங்கும் துணியைப் பிடுங்கினால் பந்து வைத்திருப்பவர் நின்றார் என்று அர்த்தம், தள்ளுமுள்ளு இல்லை. களம் கோல் பகுதி உட்பட 64 மீட்டருக்கு 23 மீட்டர். ஒரு கால்பந்துக் களத்தின் அகலவாக்கில் மூன்று களங்கள் தாராளமாக அடங்கும். நான்கு முயற்சிக்குள் நடுக்கோட்டைத் தாண்ட வேண்டும். தாண்டினால் கோல் பகுதிக்குள் போக இன்னொரு நான்கு.

தம்பி அனுப்பிய அட்டவணையில் இரவு 7.30 என்று இருக்கிறது. நமக்கு எத்தனை மணி? – வாசகி, ஆம்பூர்

ஆகஸ்ட், செப்டம்பரில் அட்லாண்டா நமக்கு ஒன்பதரை மணி நேரம் பின்னால். சனி இரவு 7.30 என்றால் நமக்கு ஞாயிறு விடியற்காலை 5. மதியம் 12 ஆட்டம் அன்று இரவு 9.30. கடிகாரத்தில் 15 நிமிடம் வீதம் நான்கு பகுதிதான் என்றாலும், கடிகாரம் நின்று நின்று ஓடுவதாலும் விளம்பரத்தாலும் மூன்றரை மணி நேரம் ஆகும். ஞாயிறு சமையலை எட்டரைக்கு மேல் வைத்துக்கொள்ளுங்கள்.

ஆட்டத்தின் நடுவில் இடி இடித்தால்? – உடற்கல்வி ஆசிரியர், போளூர்

வட ஆற்காட்டுப் பக்கம் ஆகஸ்ட், செப்டம்பர் மாலைகளில் இது வந்தே தீரும். மின்னலுக்கும் இடிச் சத்தத்துக்கும் இடையே 30 விநாடிக்குள் இருந்தால் எல்லோரையும் வெளியேற்றுங்கள். கடைசி இடியிலிருந்து 30 நிமிடம் கழித்தே மறுபடி களம். நடுவில் ஒரு தடவை இடித்தாலும் 30 முதலிலிருந்து. மரத்தடி, கோல்போஸ்ட், ஷாமியானா இரும்புக் கால் பக்கம் யாரும் நிற்கக் கூடாது. கட்டடத்துக்குள், இல்லாவிட்டால் பஸ்ஸுக்குள். எந்தக் கல்லூரி எந்த அறைக்கு ஓடுவது என்பதை ஒலிபெருக்கிக்காரரிடம் ஆட்டத்துக்கு முன்பே எழுதிக் கொடுத்துவிடுங்கள். திரும்பி வந்ததும் முதலில் பார்க்க வேண்டியது, காற்றில் கோல்போஸ்ட் நகர்ந்ததா என்பது. தூக்கி வைக்கும் போஸ்ட் என்றால் பின்சட்டத்தில் மணல் மூட்டையோ தரையில் அடித்த ஆணியோ இல்லாமல் ஆட்டமே தொடங்கக் கூடாது. அது கவிழ்ந்தால் அடியில் மாட்டுவது பெரும்பாலும் பந்து பொறுக்க வந்த சின்னப் பையன்தான்.